கடைசித் தேதி ஞாயிற்றுக்கிழமை

அந்த நீதிமன்ற வளாகத்தில் கட்சிக்காரர்கள்கூட அவனை 'காலண்டர் வக்கீல்' என்றுதான் விசாரித்துக்கொண்டு வருவார்கள். பட்டம் கொடுத்தது யாரென்று தெரியவில்லை. யாராக இருந்தாலும் ஆள் பார்த்துத்தான் கொடுத்திருக்கிறார். எந்த வக்கீலுக்கு மனு போடும் காலக்கெடுவில் சந்தேகம் வந்தாலும் சட்டப் புத்தகத்தைப் புரட்ட மாட்டார், மாடிப்படியில் காலண்டரை மடக்குவார். "தீர்ப்பு வந்தது பதினேழாம் தேதி, அப்பீல் போட எது வரைக்கும்பா டைம்?" காலண்டர் கண்ணை இரண்டு தரம் மூடித் திறப்பான். முதல் நாளைக் கழிப்பான், நகலுக்குக் காத்திருந்த நாட்களைக் கழிப்பான், முப்பத்தொரு நாள் மாதம் எது என்று விரல் முட்டியைத் தொட்டுப் பார்ப்பான். "கெடு ஞாயித்துக்கிழமை முடியுது. கோர்ட் லீவு. அதனால திங்கக்கிழமை போட்டாலும் செல்லும். பயப்படாதீங்க" என்பான். பயப்பட்டவர் நிம்மதியாகக் காபி குடிக்கப் போவார்.

பதிமூன்று வருடத் தொழிலில் அவன் கைபட்ட ஒரு மனுகூடக் காலம் கடந்துவிட்டது என்று திரும்பி வந்ததில்லை. பெரிய பெரிய வழக்குகளில் வாதாடுகிறவர்களுக்கெல்லாம் இந்தப் பெருமை கிடையாது. அவனுக்கு இருந்த ஒரே பெருமையும் இதுதான்.

மற்றபடி பெருமைப்பட என்ன இருந்தது? நகல் எடுக்கும் கடைக்கு மேலே எட்டடிக்குப் பத்தடி அறை. அதில் ஒரு மேசை, மூன்று நாற்காலி, ஒரு குமாஸ்தா. வருவதெல்லாம் வீட்டுக்காரருக்கும் குடித்தனக்காரருக்கும் நடக்கிற சண்டைகள். மாடிக் கதவைப் பூட்டிவிட்டான், தண்ணீர்க் குழாயை மூடிவிட்டான், காலி பண்ணச் சொன்னால் பூனை வளர்க்கிறான். வருடம் முழுக்க இதே கதைதான். ஒரே வீட்டைப் பற்றி ஆறு வருடமாக ஒரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பூனை குட்டி போட்டு, குட்டியும் குட்டி போட்டுவிட்டது.

அவன் மனைவியும் சட்டம் படித்தவள்தான். இருவரும் ஒரே வகுப்பு, அதனால் வீட்டில் இன்றைக்கும் 'நீ', 'வா', 'போ'தான். கல்லூரியில் அவன் சுமாரான மாணவன். ஆனால் ஒரே ஒரு பாடத்தில் மட்டும் பல்கலைக்கழகத்திலேயே முதலாவதாக வந்தான். பன்னாட்டுச் சட்டம். நாடுகளுக்கு இடையே என்ன விதி, நடுக்கடலில் யார் சட்டம், அகதிக்கு யார் பொறுப்பு என்று அந்தப் புத்தகத்தை அவன் துப்பறியும் கதை மாதிரிப் படித்தான். அவளுக்கு அந்தப் பாடம் வேப்பங்காய். தேர்வுக்கு முந்தைய வாரம் அவன் நோட்டை வாங்கிப் படித்து, தப்பித்தோம் பிழைத்தோம் என்று தேறினாள். மேலே போய் அதில் முதுகலை படிக்க வேண்டும் என்பது அவன் ஆசை. அப்பா, 'முதல்ல நாலு கேஸ் நடத்து, அப்புறம் பாத்துக்கலாம்' என்றார். நாலு கேஸ் நானூறு ஆனது. அப்புறம் என்பது வரவேயில்லை.

அவள் நீதிமன்றம் பக்கமே போகவில்லை. சரக்குக் கப்பல்களுக்கு ஏற்பாடு செய்து கொடுக்கும் ஒரு நிறுவனத்தில் ஒப்பந்தம் சரிபார்க்கும் வேலைக்குச் சேர்ந்தாள். ஒன்பது வருடமாக அதே மேசை. வீட்டுக்கு வந்தால் வேலையைப் பற்றிப் பேச மாட்டாள். அவனும் கேட்டதில்லை. பேச்சென்று வந்தால் பெரும்பாலும் பூனைக் கதைதான் நடக்கும்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வீட்டில், ஒரு செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் ஒரு கட்டுத் தாளைச் சாப்பாட்டு மேசையில் வைத்தாள்.

"ஒரு வருஷம் லீவு தர்றோம்னு ஆபீஸ்ல சொல்லிட்டாங்க. ஸ்காலர்ஷிப்பும் இருக்கு. வெளிநாடு. முதுகலைச் சட்டம் படிக்கலாம்னு இருக்கேன்."

அவன் தாளை வாங்கிப் பார்த்தான். பெயர் பெற்ற பல்கலைக்கழகம். மூன்று பிரிவுகள் போட்டிருந்தது. வணிகச் சட்டம், குற்றவியல் சட்டம், பன்னாட்டுச் சட்டம். மூன்றாவதைப் பேனாவால் வட்டம் போட்டிருந்தாள்.

அந்த வட்டத்தைப் பார்த்ததும் அவனுக்கு உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது. இதை மூடி மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை, அது பொறாமைதான். மனைவி படிக்கப் போவதில் அவனுக்கு வருத்தமில்லை. வணிகச் சட்டத்தில் வட்டம் போட்டிருந்தால் அன்று ராத்திரியே தெருவுக்கெல்லாம் இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பான். ஆனால் இது அவனுடைய பாடம். அவன் நோட்டைப் படித்துத் தேறியவள், அவன் இடத்தில் போய் உட்காரப் போகிறாள்.

"நல்ல விஷயம்தான்" என்றான். குரல் எங்கிருந்தோ வந்தது. "ஆனா பிரிவைக் கொஞ்சம் யோசிச்சு எடு. நீ இருக்கிறது கம்பெனி. வணிகச் சட்டம் படிச்சா திரும்பி வந்ததும் மேல தூக்கி விடுவான்."

"அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. தெனம் அதைத்தான் பாத்துட்டு இருக்கேன்."

"பன்னாட்டுச் சட்டம்னு படிச்சு என்ன பண்ணப் போறே? ஒரு நாடு தப்பு பண்ணுச்சுன்னு தீர்ப்பு வாங்கிட்டேன்னு வையி. கோர்ட் அமீனாவை அனுப்பி அந்த நாட்டை ஜப்தி பண்ணிடுவியா?"

பன்னிரண்டு வயது மகள் வாய்விட்டுச் சிரித்தாள். மனைவியும் சிரித்தாள். "இதெல்லாம் நீ எனக்கு நோட்ஸ்ல எழுதிக் குடுத்ததுதானே? 'அமீனா இல்லாத சட்டம்தான், ஆனாலும் சட்டம்'னு. மறந்துட்டியா?"

மறக்கவில்லை. அவள் மறக்கவில்லை என்பதுதான் இன்னும் கடுப்பாக இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் அவன் வக்கீலாக மாறி எதிர்வாதம் வைத்துப் பார்த்தான். மகளைக் காட்டினான். "அப்பாவும் நானும் சமாளிச்சுக்குவோம், எனக்குச் சோறு வைக்கத் தெரியும்" என்று மகளே எதிர்த்தரப்பில் சேர்ந்துகொண்டாள். அந்த ஊர்க் குளிரைக் காட்டினான். அவள் ஒரு கோட்டு வாங்கி வந்தாள். குற்றவியல் சட்டம் படித்தால் வருமானம் என்றான். "நீ ஏன் அந்த வருமானத்தைப் பாக்கல?" என்று கேட்டாள். 

நீதிமன்றத்திலும் நிம்மதி இல்லை. எப்படியோ செய்தி பரவிவிட்டது. வருகிறவன் போகிறவனெல்லாம் கையைப் பிடித்துக் குலுக்கினான். "குடுத்து வச்சவர் சார் நீங்க. வீட்டுல சர்வதேச வக்கீல்!" என்றார் பக்கத்து அறைக்காரர். காலண்டர் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிவிட்டு உள்ளே போய்ப் பூனை வழக்குக் கட்டைப் பிரித்தான். அன்றைக்கு அந்தப் பூனையின் மேல்கூட அவனுக்குக் கோபம் வந்தது.

ஒரு நாள் அவள் குளிக்கும்போது அந்தத் தாளில் தகுதிப் பகுதியை எடுத்துப் படித்தான். ஏழு வருடத்துக்குக் குறையாத அனுபவம் என்று இருந்தது. அவனுக்குப் பதிமூன்று. வயது வரம்பு இல்லை. வேலை பார்த்த துறையில் நாடு கடந்த விவகாரங்களைக் கையாண்டிருக்க வேண்டும் என்று அடுத்த வரி இருந்தது. அவன் கையாண்ட விவகாரம் எதுவும் மாடிக் கதவைக்கூடத் தாண்டவில்லை. தாளை இருந்த இடத்தில் இருந்தபடியே வைத்துவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை அவள் கேட்டாள். பல் தேய்த்துக்கொண்டிருந்தவனிடம் குளியலறை வாசலில் நின்றுகொண்டுதான் கேட்டாள்.

"கடைசித் தேதி இருபத்தெட்டுன்னு போட்டிருக்கு. அது ஞாயித்துக்கிழமை வருதே. எல்லாம் ரெடி, கட்டுரை மட்டும்தான் இன்னும் சரியா வரல. எது வரைக்கும் டைம் இருக்கு எனக்கு?"

"ஞாயித்துக்கிழமைன்னா திங்கக்கிழமை போடலாம்." வாயில் நுரையோடு சொன்னான். யோசிக்கவே இல்லை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அவன் வாயிலிருந்து அதுதான் வரும்.

"இது கம்ப்யூட்டர்ல போடுறது."

"எதுல போட்டா என்ன? கடைசி நாள் லீவுல விழுந்தா அடுத்த வேலை நாள். எந்த ஊரா இருந்தாலும் அதுதான் விதி."

"நிச்சயமா?"

"என்கிட்ட ஒரு தேதி தப்பினதுண்டா?"

"அது சரி, உன்னையே கேள்வி கேக்கிறேன் பாரு" என்று சொல்லி அவள் போய்விட்டாள். ஒன்று சொல்லியாக வேண்டும். அந்த நேரம் அவன் மனதில் சூது எதுவும் இல்லை. பதிமூன்று வருடப் பழக்கம் பேசியது, அவ்வளவுதான்.

சனிக்கிழமை அரைநாள்தான் அலுவலகம். மத்தியானம் குமாஸ்தா கட்டுகளை அடுக்கிக்கொண்டே பேச்சுக் கொடுத்தார்.

"அம்மா அப்ளிகேஷன் அனுப்பிட்டாங்களா சார்?"

"திங்கக்கிழமை அனுப்புவா."

"நாளைக்குத்தானே கடைசி நாள்னு சொன்னீங்க?"

"நாளைக்கு ஞாயிறுய்யா."

குமாஸ்தா கட்டைக் கீழே வைத்தார். "சார், தப்பா நினைச்சுக்காதீங்க. போன வருஷம் என் பொண்ணு நர்சிங் படிப்புக்குப் போட்டா. அதுவும் ஞாயித்துக்கிழமைதான். நீங்க சொல்ற கணக்கைத்தான் நானும் அவகிட்ட பெருமையாச் சொன்னேன். திங்கக்கிழமை போய்த் தொறந்தா, மூடியாச்சுன்னு வருது. அது மெஷினு சார். அதுக்கு ஏது லீவு? ஒரு வருஷம் போச்சு எம் பொண்ணுக்கு."

"அது உங்க காலேஜ். இது பெரிய இடம்" என்று சொல்லிச் சிரித்தான். குமாஸ்தா போனதும் கதவைச் சாத்திவிட்டுக் கைபேசியில் அந்தப் பக்கத்தைத் தேடி எடுத்தான். கண்ணில் படாத அளவுக்குப் பொடி எழுத்தில், அடியில், இருந்தது. இருபத்தெட்டாம் தேதி, அவர்கள் ஊர் நேரப்படி பகல் பதினொன்றரை மணிக்குப் பக்கம் மூடப்படும். அதன் பிறகு எந்தக் காரணத்துக்காகவும் விண்ணப்பம் ஏற்கப்படாது. அவன் நேர வித்தியாசத்தைக் கூட்டினான். இங்கே ஞாயிறு மாலை ஐந்து மணி.

சுவரில் மணி பன்னிரண்டரை. கைபேசி கையிலேயே இருந்தது. அவள் எண்ணை அழுத்த இரண்டு விநாடி போதும். அவன் அழுத்தவில்லை.

வீட்டுக்கு நடந்து போகும் வழியெல்லாம் தனக்குத் தானே வாதாடிக்கொண்டான். நான் பொய் சொல்லவில்லை. கேட்டபோது தெரிந்ததைச் சொன்னேன். அவளும் சட்டம் படித்தவள், அடியில் இருப்பதைப் படிப்பது அவள் பொறுப்பு. ஒன்பது வருடமாக அடுத்தவர் ஒப்பந்தத்தில் பொடி எழுத்தைத் தேடித் தேடிப் படிப்பதுதானே அவள் வேலை? தன் விண்ணப்பத்தில் படிக்கக் கூடாதா? இப்படியே நாலு தெரு வாதாடியும் தீர்ப்பு அவனுக்குச் சாதகமாக வரவில்லை. ஏன் படிக்கவில்லை என்பது அவனுக்குத் தெரியும். அவனைக் கேட்டுவிட்டாள், அதனால் படிக்கவில்லை.

அன்று ராத்திரி அவள் நல்ல சந்தோஷத்தில் இருந்தாள். மூவரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். அந்த ஊரில் பேருந்து எப்படி, நூலகம் எத்தனை மணி வரை என்று மகள் படித்துச் சொல்லச் சொல்ல அவள் கண்ணை விரித்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். கல்லூரியில்கூட அவளை அப்படி அவன் பார்த்ததில்லை. திங்கட்கிழமை காலை அந்தப் பக்கம் மூடியிருப்பதைப் பார்க்கும்போது இந்த முகம் என்ன ஆகும் என்று நினைத்தான். பாவமாக இருந்தது. பாவத்துக்கு அடியில் கொஞ்சம் குளுகுளுவென்றும் இருந்தது. அந்தக் குளுகுளுப்பு அவனையே பயமுறுத்தியது. அதற்காக அது போய்விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் துணி துவைத்தாள். அவனுடைய வாரத்துச் சட்டை ஐந்தையும் இஸ்திரி போட்டு மாட்டினாள். அவன் கடிகாரத்தைப் பார்ப்பதும் செய்தித்தாளைப் பார்ப்பதுமாக இருந்தான். ஒரே பக்கத்தை நாலு தரம் படித்தான். பதினொன்று ஆனது. ஒன்று ஆனது. சாப்பிட்டுப் படுத்தான். தூக்கம் வரவில்லை. மூன்றரை மணிக்கு அவள் நாலு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"கட்டுரை ஒரு வழியா முடிஞ்சுது. ஏன் இந்தப் படிப்பைத் தேர்ந்தெடுத்தேன்னு எழுதணும். ராத்திரி இன்னொரு தடவை பாத்து நாளைக்குப் போட்டுடுவேன். நீ ஒரு தரம் படிச்சுச் சொல்லேன்."

அவன் வாங்கி ஜன்னலோரம் உட்கார்ந்தான். முதலில் தன்னைத்தான் தேடினான். வெட்கமாக இருந்தாலும் அதுதான் நடந்தது. கணவர், வகுப்புத் தோழர், நோட்டு என்று எங்காவது ஒரு வரி இருக்கிறதா என்று நாலு பக்கத்தையும் மேய்ந்தான். இல்லை. ஒரு சொல்கூட இல்லை.

பிறகு மெதுவாக முதலிலிருந்து படித்தான்.

ஒரு கப்பலைப் பற்றி எழுதியிருந்தாள். முதலாளி ஒரு நாட்டுக்காரன், கப்பல் பதிவானது இன்னொரு நாட்டில், வேலைக்காரர்கள் மூன்றாவது நாடு, கப்பல் நின்றது நாலாவது நாட்டுத் துறைமுகத்தில். முதலாளி கப்பலையும் அதில் இருந்த ஆட்களையும் கைவிட்டுவிட்டான். கரையில் இறங்கவும் அனுமதி இல்லை, ஊருக்குப் போகவும் வழி இல்லை. அவளுடைய நிறுவனத்தின் சரக்கு அந்தக் கப்பலில் இருந்ததால் கடிதப் போக்குவரத்து அவள் மேசைக்கு வந்தது. சரக்கு மூன்றாவது வாரத்திலேயே இறங்கிவிட்டது. அத்தோடு அவள் வேலை முடிந்தது. ஆனால் அந்தக் கப்பலின் சமையல்காரர் அவளுக்குத் தொலைபேசுவதை நிறுத்தவில்லை. வாரம் ஒரு முறை, சாப்பாட்டு இடைவேளையில். ஒரு நாள் அவர் கேட்டாராம், "எங்க மேல எந்த அரசாங்கத்துக்கும்மா அதிகாரம்? அதைச் சொல்லுங்க, அவங்ககிட்ட அழுறோம்." அவளுக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. பழைய பாடப் புத்தகத்தை எடுத்து, கல்லூரியில் வேப்பங்காயாகக் கசந்த அத்தியாயத்தை, படித்தாள். நாலு நாட்டுக்கும் கடிதம் எழுதினாள். யாரும் எழுதச் சொல்லவில்லை. கடைசியில் ஒரு நாடு பதில் போட்டது. அவர்கள் வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

இதெல்லாம் நடந்தது எப்போது? தேதி இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால். அந்த வருடம் முழுக்க அவள் இதே வீட்டில்தான் இருந்தாள், இதே மேசையில்தான் சாப்பிட்டாள். சமையல்காரருக்குத் தெரிந்தது, இனி முகம் தெரியாத தேர்வுக் குழுவுக்குத் தெரியப்போகிறது, அவனுக்குத் தெரியவில்லை. அந்தச் சமையல்காரர் மேல் பொறாமையாக இருந்தது. அந்தக் குழுவின் மேல் பொறாமையாக இருந்தது. கட்டுரை மேலும் பொறாமையாக இருந்தது, ஏனென்றால் அது அவ்வளவு நன்றாக இருந்தது. அவனால் இப்படி எழுத முடியாது. பாடத்தில் முதலாவதாக வந்தவன் அவன். பாடத்தை வைத்து ஒரு மனிதனை வீட்டுக்கு அனுப்பியவள் அவள்.

கட்டுரையை மடித்து வைத்துவிட்டு, 'நல்லாருக்கு' என்று சொல்லியிருக்கலாம். ஐந்து மணி தானாக வந்து தானாகப் போயிருக்கும். ஆனால் மூன்றாம் பக்கத்தில் அவன் கண் ஓர் இடத்தில் முட்டிக்கொண்டு நின்றது. மார்ச் பதினான்கு முதல் அடுத்த ஆண்டு பிப்ரவரி இரண்டு வரை, முந்நூற்றுப் பதினாறு நாட்கள் அவர்கள் கப்பலில் இருந்தார்கள் என்று எழுதியிருந்தாள்.

தப்பு. கண்ணை இரண்டு தரம் மூடித் திறந்தான். முதல் நாளைக் கழித்தால் முந்நூற்று இருபத்தைந்து. ஒன்பது நாள் விட்டுப்போயிருக்கிறது. சும்மா விட முடியவில்லை. பல்லிடுக்கில் சிக்கிய நார் மாதிரி உறுத்தியது. சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, எண்ணை அடித்து, மேலே 325 என்று எழுதினான். எழுதிய பிறகுதான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது. இப்போது அந்தத் தாளில் அவன் எழுத்து இருந்தது. அவன் கை பட்ட மனு அது.

அவன் கை பட்ட மனு காலம் கடந்து நிற்பதா?

நல்ல மனசு வந்து அவனை உலுக்கியது என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. மனைவியின் முகம் வாடுவதைத் தாங்கிக்கொள்ள நேற்றிலிருந்து தயாராக இருந்தவனால், தான் திருத்திய ஒரு தாள் வாசலில் நின்று திரும்பிப் போவதைத் தாங்கிக்கொள்ள முடியவில்லை. பொறாமையை ஜெயித்தது வீம்புதான். எழுந்தான். மணி நாலு பதினெட்டு.

"மூணாம் பக்கத்துல நாள் கணக்கு தப்பு. திருத்தியிருக்கேன்."

"ஐயோ, நல்ல வேளை."

"அப்புறம்..." பேனாவைச் சட்டைப்பையில் மாட்டினான். "அந்தப் பக்கம் இன்னிக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்கு மூடிடும். நாளைக்குச் செல்லாது."

அவள் அவனைப் பார்த்தாள். ஒரு விநாடிதான். பிறகு ஓடினாள்.

அந்த முப்பது நிமிடத்தை அவன் ஆயுசுக்கும் மறக்க மாட்டான். மகள் கணினியைத் திறந்தாள். மனைவி எண்ணைத் திருத்தித் தட்டச்சு செய்தாள். சான்றிதழ் ஒன்று ஏற மாட்டேன் என்று அடம்பிடித்தது. மகள் அதைச் சின்னதாக்கிப் போட்டாள். இணையம் ஒரு தரம் நின்றது, மறுபடி வந்தது. அவசரத்தில் மனைவி தன் பிறந்த தேதியையே தப்பாக அடித்துத் திருத்தினாள். அவன் பின்னால் நின்று மின்விசிறியைக் கூட்டுவதும் குறைப்பதுமாக இருந்தான். வேறு எதற்கும் அங்கே அவன் தேவைப்படவில்லை. நாலு ஐம்பத்தொன்றுக்கு, விண்ணப்பம் கிடைத்தது என்று திரையில் வந்தது. மகள் கையைத் தட்டிக் குதித்துவிட்டு, தோழியிடம் சொல்ல வெளியே ஓடினாள்.

அவள் நாற்காலியைத் திருப்பினாள். நெற்றியெல்லாம் வியர்வை.

"எப்ப தெரியும் உனக்கு?"

'இப்பதான்' என்று ஒரு வார்த்தை போதும். சாட்சி யாரும் இல்லை. ஆனால் அவள் கேட்ட விதம், பதில் தெரிந்துகொண்டு கேட்ட விதமாக இருந்தது.

"நேத்து பன்னெண்டரைக்கு."

அவள் விரலை மடக்கி மணிகளை எண்ணினாள். "அப்போ ராத்திரி சாப்பிடும்போது தெரியும்."

"தெரியும்."

"காலைல உன் சட்டைக்கு நான் இஸ்திரி போட்டுட்டு இருந்தப்ப தெரியும்."

"தெரியும்."

"ஏன்?"

"பொறாமை." சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று நினைத்தான். இறங்கவில்லை. "அது நான் படிக்க வேண்டியது. உனக்கு அது பிடிக்கவே பிடிக்காது. நீ எப்படி..."

"பிடிக்காதுதான். அப்புறம் பிடிச்சுது." அவள் எழுந்தாள். "நீ கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

அத்தோடு விட்டுவிட்டாள். திட்டவில்லை, அழவில்லை, மகளிடம் சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அன்றைக்கும் மறுநாளும் அதற்கு மறுநாளும் எப்போதும் போலவே பேசினாள். உப்பு போதுமா என்று கேட்டாள். பூனை வழக்கு என்ன ஆச்சு என்றுகூடக் கேட்டாள்.

ஏழு வாரம் கழித்து இடம் கிடைத்தது. பன்னாட்டுச் சட்டப் பிரிவு, முழு உதவித்தொகை. மகள் அவளைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். அவனும் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினான். "வாழ்த்துகள்" என்றான். "தேங்க்ஸ்" என்றாள். உள்ளே இன்னும் புகைந்துகொண்டுதான் இருந்தது. அதை மறைக்க இப்போது அவன் அவ்வளவு சிரமப்படவில்லை.

கடிதத்தை அவள் மேசையில் வைத்து நிதானமாகப் படித்தாள். சேருகிறேன் என்று பதில் அனுப்பக் கடைசி நாள் ஒன்று போட்டிருந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவன் தலைகீழாகவே அதைப் படித்துவிட்டான். பதினாறாம் தேதி, சனிக்கிழமை. அவள் புருவத்தைச் சுருக்கினாள். சனிக்கிழமை எந்த ஊர் நேரம், எத்தனை மணி என்றுதான் யோசிக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது. இந்த ஏழு வாரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்தின் விதிகளை அடியில் இருக்கும் பொடி எழுத்து உட்பட மூன்று தரம் படித்திருந்தான். விடை நாக்கு நுனியில் நின்றது. அவள் நிமிர்ந்து கேட்டால் போதும். சாய்ந்து உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

அவள் கைபேசியை எடுத்து, கடிதத்தின் மேலே இருந்த எண்ணைப் பார்த்துப் பார்த்து அழுத்தினாள். மறுமுனையில் யாரோ ஓர் ஆள் எடுத்தான். கடைசி நாளைப் பற்றிக் கேட்டாள். அந்த ஆள் சொல்வதைக் கடித ஓரத்தில் எழுதிக்கொண்டாள். சரியாகத்தான் சொல்கிறான் என்பது அவள் எழுதுவதிலிருந்தே தெரிந்தது. "நிச்சயமாத்தானே?" என்று ஆங்கிலத்தில் இன்னொரு முறை கேட்டாள். அவன் என்னவோ வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டும், சிரித்தாள். நம்பிக்கொண்டு சிரித்தாள். எந்த ஊரிலோ ஏதோ ஒரு அறையில் உட்கார்ந்து தொலைபேசி எடுக்கிற அந்த ஆளின் மேல் காலண்டருக்கு வந்த பொறாமை, அந்தப் பேனா வட்டத்தைப் பார்த்த அன்றுகூட வரவில்லை.